கொப்பியைக் கொடுத்தனுப்பியவருக்கு

ஹட்டனில் வேலை முடிந்து இரவில் பீஎம்பி (PMP, திட்ட முகாமையாளர்களுக்கான சர்வதேசத் தகைமை) பரீட்சைக்குப் படிக்கும் எங்களுக்கு, பெயர் சொல்லாமல் கையெழுத்துக் கொப்பி ஒன்றைக் கொடுத்தனுப்பிய உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

முதல் பக்கமே நேரக்கணக்கு. 2021 பாடத்திட்டப்படி 180 வினா, 230 நிமிடம். ஒரு வினாவுக்கு 77 செக்கன்கூட இல்லை. 60ஆவது, 120ஆவது வினாவுக்குப் பின் பத்துப் பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்கு எழுந்தால் முந்தைய பகுதிக்குத் திரும்ப முடியாது என்பதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இப்போது மாதிரி வினாக்களை அறுபது அறுபதாகச் செய்கிறோம்.

மிகவும் உதவியது ஈட்டிய பெறுமதிக் கணக்கு, அதாவது முடிந்த வேலையின் பெறுமதியைச் செலவோடு ஒப்பிடுவது. தோட்ட லயன் வீட்டுக் கூரை திருத்த ஒதுக்கியது மொத்தம் 10 இலட்சம். முடிந்த வேலையின் பெறுமதி 4 இலட்சம், செலவானது 5 இலட்சம். நாலை ஐந்தால் பிரித்தால் 0.8, இதுதான் செலவுச் சுட்டி. ஒன்றுக்குக் கீழே என்றால் காசு கூடப் போகிறது. இதே போக்கில் போனால் முழுச் செலவுக்கு 10ஐ 0.8ஆல் பிரிக்க வேண்டும், 12.5 இலட்சம். பலர் செலவை மேலே போட்டுத் தலைகீழாக்குவார்கள்; செலவுச் சுட்டியோ காலச் சுட்டியோ, இரண்டிலும் ஈட்டிய பெறுமதிதான் மேலே.

"முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற வினாக்களுக்கு உங்கள் குறிப்பு ஒரே வரி: காரணத்தைப் பார், குழுவோடு பேசு, அதன் பிறகே மேலிடம்.

35 மணிநேரப் பயிற்சிச் சான்றிதழை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்து வைக்கச் சொன்னதற்கும் நன்றி. கொப்பி பத்திரமாக இருக்கிறது. கேட்பவர்களுக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுக்கிறோம்.