தங்கச்சிக்கு: லீவுக்கு ஒரு ஜேம் போத்தல்

அன்புள்ள தங்கச்சி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இன்னும் மனதில் நிற்கிறது. சின்னவன் யோகட் கப்பில் பருப்பு நட்டு, பத்து நாள் தண்ணீர் ஊற்றி, கடைசியில் நாற்றம்தான் வந்தது என்று அழுதானாமே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. அவன் நட்டது மைசூர் பருப்பு. தோலை உரித்து உடைத்த பிறகு அது கறிக்குத்தான் ஆகும். தோலோடு இருக்கிற பச்சைப்பயறையோ கௌபியையோ நீ கையில் கொடுத்திருக்க வேண்டும். தப்பு உன் மேல்தான் என்று பெரியம்மா சொன்னதாக அவனிடம் சொல்.

சித்திரை லீவு இன்னும் இருக்கிறது. நம் பக்கம் விதை போட இதைவிட நல்ல நேரம் கிடையாது: காலையில் வெயில், பின்னேரம் இடியோடு மழை. ஆகஸ்ட் லீவு வரைக்கும் தள்ளிப்போடாதே. அப்போது எங்கள் பண்டாரவளையில் காற்றும் வறட்சியுமாக மண் புழுதியாகிவிடும். உங்கள் ஹட்டனில் மழை விடாது.

நான் எட்டு வயதில் போஞ்சி நட்டதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தே அத்தனையையும் சாகடித்தேன். பிள்ளைகளுக்குப் பொறுமை வராது, வரவும் வேண்டாம். அதற்குத்தான் ஜேம் போத்தல். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்து நனை. கண்ணாடிக்கும் பேப்பருக்கும் நடுவில் இரண்டு போஞ்சி விதையைச் செருகு. அடியில் ஒரு விரல் தண்ணீர் நின்றால் போதும், விதையைத் தொடக்கூடாது. முதலில் தோல் சுருங்கும், பிறகு விதை ஊதும். நாலைந்து நாளில் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்துக் கீழே இறங்கும். சென்னை வீடியோக்களில் இரண்டே நாளில் வருகிறதே என்று கேட்பான். நம் குளிருக்கு எல்லாம் பிந்தித்தான் வரும்.

வேர் ஒரு அங்குலம் வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, பேப்பர் ஈரமாக இருக்கும்போதே போத்தலைப் படுக்க வை. ஒன்றிரண்டு நாளில் வேர் முழங்கை மாதிரி மடங்கி மறுபடியும் நிலத்தைப் பார்க்கும். அதைப் பார்க்கிறபோது அவன் முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு.

மண்ணில் நடுகிறதற்கு அதே யோகட் கப் போதும், அடியில் மூன்று ஓட்டை போட்டுவிடு. ஆனால் தேயிலை மலையிலிருந்து அள்ளிய மண்ணை அப்படியே போடாதே. அது புளித்த மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், போஞ்சிக்கு ஆகாது. தோட்டத்தில் டொலமைட் போடுவதே அந்தப் புளிப்பைக் குறைக்கத்தான். உனக்கு அடுப்புச் சாம்பல் போதும்: ஒரு வாளி மண்ணுக்கு ஒரு கைப்பிடி, கூடவே மக்கிய மாட்டெரு. போஞ்சி மண்ணைத் துளைத்து வரும் விதம் அழகு. தண்டு கொக்கி போல வளைந்து முதுகால் மண்ணைத் தள்ளும், பிறகு இரண்டு பருப்பையும் தலையில் சுமந்துகொண்டு நிமிரும், கொழுந்துக் கூடையோடு நம் அம்மா ஏற்றத்தில் நிமிர்கிற மாதிரி. பட்டாணி அப்படியில்லை, பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வரும். பக்கத்தில் பக்கத்தில் நட்டுக் காட்டு.

ராபுவும் போடலாம், அது சீக்கிரம் முளைக்கும். கரட்டைக் கப்பில் போட்டுப் பிடுங்கி நடாதே, கிழங்கு கவடு விடும். தக்காளி, மிளகாய் இப்போதைக்கு வேண்டாம், குளிரில் அவை முளைப்பதற்குள் லீவே முடிந்துவிடும். கடையில் வாங்கும் விதை சில நேரம் ரோஸ் நிறத்தில் இருக்கும். அது மருந்து, தொட்டால் கை கழுவ வேண்டும். ராத்திரி நத்தை வரும். கப்புகளை வாசலில் விடாமல் ஜன்னல் திண்டில் ஏற்றிவிடு.

பெரியவள் இதெல்லாம் சின்னப்பிள்ளை வேலை என்பாள். அவளுக்குத் தேயிலை விதை. கவ்வாத்து படாமல் மரமாகிப்போன பழைய தேயிலை உங்கள் பக்கம் எங்காவது நிற்கும், அடியில் காய் கிடக்கும். உரித்துத் தண்ணீரில் போடச் சொல். மிதப்பதை வீசிவிட்டு, மூழ்குவதை ஈர மணலில் புதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைக்காது, புதிதாகப் பொறுக்கினதுதான் ஆகும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவளுக்கு அது சரிவரும். இப்போது நேர்சரியில் எல்லாம் வீபீ, கிளையை வெட்டி நடுகிறார்கள். 1867இல் லூல்கந்துரையில், நம் நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டது விதைத் தேயிலை. அந்த மாதிரி மலையில் ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது, இலையை வைத்தே அவளால் பார்க்க முடியும்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிற சித்தப்பாவிடம் போஞ்சி விதை கொடுத்து விடுகிறேன், போன வருசம் நானே காயவிட்டு எடுத்தது, மருந்தில்லை. பத்து இருக்கும். நீ கறிக்குப் போட்டுவிடாதே.

அக்கா