முதல் பத்து ஆட்டங்கள்: சிறுவர் கால்பந்தின் புதிய நடுவர்களுக்காகக் கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தில் சிறுவர் கால்பந்துப் போட்டி நடத்தும் நிர்வாகிகளுக்கும், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், கிளப் கோச்சுகளுக்கும் வணக்கம்.

பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம் என்று ஒரே நாளில் பல மைதானங்களில் பந்து உருள்கிறது. அணிக்குப் பஞ்சமில்லை, நடுவருக்குத்தான் பஞ்சம். கிடைத்த ஒருவரே காலையில் மூன்று ஆட்டம், மதியத்துக்கு மேல் இரண்டு ஆட்டம் என்று ஓடுகிறார். நான்காவது ஆட்டத்தில் அவர் கால் நடுவட்டத்தை விட்டு நகர மறுக்கிறது. அவரும் கிடைக்காத இடத்தில், ஓரமாக நிற்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு விசிலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். நாற்பது நிமிடம் இரண்டு பக்கத்துக் கோச்சும் பெற்றோரும் கத்துவதைக் கேட்டுவிட்டு, விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

இந்த மைதானங்களில் விசில் ஊதும் நடுவர்களான நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பயிற்சி வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குழுப் படம் எடுத்ததோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். புதியவர்கள் விட்டுப்போவது அதற்கு அப்புறம், முதல் பத்து ஆட்டங்களுக்குள். அந்தப் பத்து ஆட்டங்களையும் பயிற்சியின் பகுதியாகவே கணக்கில் வையுங்கள். பத்திலும் புதியவரோடு ஒரு மூத்த நடுவர் மைதானத்தில் நிற்க ஏற்பாடு செய்யுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது.

யாரைச் சேர்ப்பது? பதினாறு வயது நிரம்பியவர்கள், பள்ளி அணியில் ஆடிவிட்டு இப்போது கல்லூரியில் படிப்பவர்கள், முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்டவர்கள். ஆடும் பிள்ளைகளை விட நடுவருக்குக் குறைந்தது மூன்று வயதாவது கூடுதலாக இருக்கட்டும். ஒரே வயதுக்காரன் விசில் ஊதினால் மைதானத்தில் மரியாதை இருக்காது. பெண் பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சேருங்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம் மாவட்டத்துப் பெண். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவராகவே உயர்ந்தவர். இங்கே பெண்கள் கால்பந்து இவ்வளவு வேரூன்றிய பிறகும் அவர்கள் ஆட்டத்துக்கும் ஆண்களே விசில் ஊதுவது எங்களுக்குக் குறையாகவே படுகிறது.

வகுப்பைப் பற்றி. கால்பந்தின் பதினேழு விதிகளையும் ஒரே நாளில் திரையில் ஓட்டிக் காட்டுவதால் பயனில்லை. இரண்டு வார இறுதி, மொத்தம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் காலையில் மூன்று மணி நேரம் மைதானத்தில், மாலையில் இரண்டு மணி நேரம் அறையில் என்று வையுங்கள். சிறுவர் ஆட்டத்துக்கு முதலில் வேண்டியவை ஐந்து விதிகள்: நடுவரின் அதிகாரம் சொல்லும் ஐந்தாவது, ஆஃப்சைடு சொல்லும் பதினொன்றாவது, ஃபவுல் சொல்லும் பன்னிரண்டாவது, ஃப்ரீ கிக் சொல்லும் பதின்மூன்றாவது, த்ரோ சொல்லும் பதினைந்தாவது. மற்றவற்றை ஆட்டங்கள் போகப் போகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் முதல் மணி நேரம் விசிலுக்கே. உள்ளே குண்டு உருளும் பழைய விசில் எச்சிலிலும் மழையிலும் அடைத்துக்கொள்ளும். குண்டில்லாத விசில் ஆளுக்கு இரண்டு வாங்கிக் கொடுங்கள். இருவரை முப்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, மற்றவர் ஊத வேண்டும். ஊதியது சாதாரண ஃபவுலா, முரட்டு ஃபவுலா, ஆட்டம் முடிந்ததா என்று திரும்பாமலே முதலாமவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் ஊதியவர் விசிலை விழுங்குகிறார் என்று பொருள். புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படித்தான் ஊதுவார்கள். வயிற்றிலிருந்து காற்றை எடுத்து, நாக்கால் அடைத்து, சட்டென்று விடச் சொல்லுங்கள். அரை மணியில் ஓசை மாறிவிடும். ஓசை மெலிந்தால் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தாத ஆட்டத்தில் அடுத்த உதை எதிராளியின் கணுக்காலில் விழும். எங்கே ஊதக் கூடாது என்பதும் பாடம்தான். பந்து தெளிவாகக் கோட்டைத் தாண்டி த்ரோவோ கோல் கிக்கோ ஆனால் கை காட்டினாலே போதும். எல்லாவற்றுக்கும் ஊதினால் வேண்டிய இடத்தில் விசிலுக்கு மதிப்பில்லாமல் போகும்.

இரண்டு அட்டையையும் ஒரே பையில் வைக்க விடாதீர்கள். மஞ்சள் சட்டைப் பையில், சிவப்பு டிரவுசரின் பின் பையில். பதற்றத்தில் தவறான அட்டை வெளியே வருவது ஒரே பையில் வைப்பதால்தான். கடிகாரம் இரண்டு: ஒன்று நிறுத்தாமல் ஓடட்டும், மற்றொன்றை ஆட்டம் நிற்கும்போது நிறுத்தலாம். குறிப்பு எழுதப் பென்சில். பேனா மை வியர்வையில் கரைந்துவிடும். முதல் பாதியில் எந்த அணி பந்தைத் தொடங்கியது என்பதை முதல் வரியிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இடைவேளை முடிந்து வந்ததும் புதியவர் மறப்பது இதைத்தான்.

ஃபவுலைக் கற்பிக்கும்போது மூன்று படிகளைக் கண்ணால் காட்டுங்கள். கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுக்கு மீறிய பலத்தோடு, அடிபடும்படி பாய்ந்தால் சிவப்பு. வகுப்பில் இருவரை மெதுவாக நடிக்க வைத்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்: கால் எவ்வளவு உயரத்தில் வருகிறது, பூட்ஸின் அடியிலுள்ள ஸ்டட் குமிழ் தெரிகிறதா, வரும் வேகம் என்ன. ஹேண்ட் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓரத்திலிருந்து வரும் கூச்சலில் பாதி அதுதான். பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமாகாது. வேண்டுமென்றே தொட்டாலோ, இயல்புக்கு மாறாகக் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கி நின்றபோது பட்டாலோதான் குற்றம். கை என்பது அக்குளின் அடி மட்டத்திலிருந்து கீழே. தோளில் பட்டால் ஹேண்ட் கிடையாது. ஆனால் தன் கையில் பட்ட பந்து நேராக எதிரணியின் கோலுக்குள் போனால், தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் செல்லாது.

ஆஃப்சைடுக்கு மேசையும் புளியங்கொட்டையும் சோழியும் போதும். கொட்டை ஒரு அணி, சோழி ஒரு அணி. ஆஃப்சைடு இடத்தில், அதாவது எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி, நிற்பது மட்டுமே குற்றமாகாது என்பதை முதலில் பதிய வையுங்கள். பந்து உதைபடும் கணத்தில் அங்கே நின்றவன், பிறகு பந்தைத் தொட்டாலோ, எதிராளிக்கு இடைஞ்சல் செய்தாலோ, கோல் கம்பத்திலோ ஆளிலோ பட்டுத் திரும்பும் பந்தில் ஆதாயம் அடைந்தாலோதான் விசில். தன் பாதியில் நின்றால் இல்லை. கோல் கிக், த்ரோ, கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் இல்லை. நிற்கும் இடத்தைப் பார்க்கும்போது கை கணக்கில் வராது. பந்து உதைபட்ட கணத்தின் படத்தைக் கண்ணில் நிறுத்திவைத்து, பந்து போய்ச் சேரும் வரை ஒரு மூச்சு பொறுப்பதுதான் திறமை.

நேராகக் கோல் அடிக்க முடியாத இன்டைரக்ட் ஃப்ரீ கிக்குக்கு நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியே வைத்திருக்க வேண்டும். நடுவர் தூக்க மறந்து, உதைத்த பந்து நேராகக் கோலுக்குள் போய்விட்டால், கிக்கை மறுபடி எடுக்க வைக்க வேண்டும். கோலும் கிடையாது, கோல் கிக்கும் கிடையாது. இது தெரியாமல் சண்டையில் முடிந்த சிறுவர் ஆட்டங்கள் உண்டு. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மாற்றத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையைத் தூக்கி விரலால் எண்ணிக் காட்டுவார். பல கோச்சுகள் இன்னும் பழைய ஆறு விநாடியையும் இன்டைரக்ட் கிக்கையும் நினைத்துக்கொண்டு புதிய நடுவரிடம் வாதாடுகிறார்கள்.

இனி அந்தப் பத்து ஆட்டங்கள். முதல் இரண்டில் புதியவர் கொடியோடு ஓரக் கோட்டில் நிற்கட்டும். கடைசிக்கு முந்தைய தடுப்பாளரின் நேர்கோட்டில், பந்து அவரையும் தாண்டிப் போனால் பந்தின் நேர்கோட்டில் ஓட வேண்டும். கொடி சுருட்டாமல் விரிந்தே இருக்கட்டும். கை மாற்றும்போது இடுப்புக்குக் கீழே மாற்ற வேண்டும். மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் சிறு மைதான ஆட்டத்தில் நடுவில் ஓடட்டும். ஆறிலிருந்து எட்டு வரை பன்னிரண்டு வயது. கடைசி இரண்டும் முழு மைதானத்தில். முதல் ஆட்டமே இறுதிப் போட்டியாக அமைந்துவிடக் கூடாது.

மூத்த நடுவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் எழுதி வையுங்கள். அவர் நடுக்கோட்டுக்கு எதிரே, கோச்சுகள் நிற்காத பக்கத்தில் நிற்பார். ஆட்டம் ஓடும்போது வாய் திறக்க மாட்டார். அவர் "ஃபவுல்!" என்று கத்திய நொடியில் புதியவரின் அதிகாரம் போய்விடும். இடைவேளையில் இரண்டே விஷயம்: ஒன்று நன்றாகச் செய்தது, ஒன்று திருத்த வேண்டியது. இருபது குறை சொன்னால் இரண்டாம் பாதியில் புதியவர் உறைந்துபோவார். பெரும்பாலும் திருத்த வேண்டியது நிற்கும் இடம்தான். பந்தின் பின்னாலேயே ஓடுவார்கள். அல்லது பயந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்பார்கள். பத்திலிருந்து பதினைந்து மீட்டர், இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே இடைவெளி தெரியும் கோணம், அதுதான் தேவை. முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் கால் பந்தில் பட்டதா காலில் பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓரக் கோட்டுக்கு வருவோம். புதியவர்கள் ஓடிப்போவதற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது, தீர்வும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பார்வையாளர்களுக்கு மைதானத்தின் ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கி, கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரும் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மைதானப் பொறுப்பாளர் அடையாளத் துணியோடு இருக்கட்டும். பெற்றோர் யாராவது ஏசினால் நடுவர் அவரிடம் போய்ப் பேசக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "அவரை அனுப்பிவையுங்கள், அப்புறம் தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டு நடுவட்டத்தில் நிற்க வேண்டும். கோச்சுக்கு மஞ்சளும் சிவப்பும் காட்ட விதி இடம் கொடுக்கிறது. காட்டிய பிறகு நிர்வாகம் பின்வாங்கினால், "அவர் பெரிய கோச்சு, விட்டுடு தம்பி" என்று சமாதானம் பேசினால், அந்தத் தம்பியை அடுத்த வாரம் தேட வேண்டியிருக்கும். பதினெட்டு வயது நிரம்பாத நடுவர் என்றால் அவர் வீட்டுப் பெரியவரோ நிர்வாகப் பெரியவரோ ஆட்டம் முடியும் வரை இருந்தே ஆக வேண்டும். உடை மாற்றத் தனி இடம் வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் மைதானம் சுற்றிப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். தூக்கி வைக்கும் இரும்புக் கோல் கம்பத்தைத் தரையோடு கட்டியோ, பின் சட்டத்தில் மணல் மூட்டை ஏற்றியோ நிறுத்தியிருக்க வேண்டும். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், கம்பம் முன்னால் சாய்ந்தால் தலையில்தான் விழும். கம்பம் அசைந்தால் ஆட்டம் தொடங்கக் கூடாது. கோடு போட எரிக்கும் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். வெள்ளைக் கோலமாவு போதும். காதுக் கம்மல், சங்கிலி, காப்பு, ரப்பர் வளையம் எல்லாம் கழற்றியாக வேண்டும், மேலே பிளாஸ்திரி ஒட்டுவதை விதி ஏற்காது. புதிதாகக் காது குத்திய பிள்ளையை அன்று காலை கழற்றச் சொன்னால் அழும். ஒரு வாரம் முன்பே பள்ளிக்கு எழுதிவிடுங்கள். முன்காலைக் காக்கும் ஷின் கார்டும் காலணியும் கட்டாயம், ஆனால் ஸ்டட் வைத்த பூட்ஸ்தான் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. கேன்வாஸ் ஷூ போதும் என்று சொல்லிவிட்டால் கடலூர் கடற்கரையோரத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளும் வெறுங்காலோடு வந்து திரும்பிப் போக வேண்டியிருக்காது.

வெயில் நேரத்தில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு நிமிடம் தண்ணீர் இடைவெளி. போன நேரத்தைக் கடைசியில் சேர்க்க வேண்டும். பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரை சிறுவர் ஆட்டமே வைக்காமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி பந்து. தலையில் அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ தெரிந்தால், அந்தப் பிள்ளை அன்று மறுபடி இறங்கக் கூடாது. கோச் என்ன சொன்னாலும் இதில் நடுவர் இளகக் கூடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்துச் செலவும் ஆட்டத்துக்கு முந்நூறு ரூபாயும் அன்றைக்கே, மைதானத்திலேயே கையில் கொடுங்கள். "அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம்" என்பது படிக்கும் பிள்ளைக்குப் பெரிய சுமை. சின்னத் தொகைதான். தாமதமாகக் கொடுத்தால் மரியாதைக் குறைவாகவே அவர்களுக்குப் படும்.

எங்களால் ஆனதைச் சொல்லிவிடுகிறோம். சனி, ஞாயிறு காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை பாதி மைதானமும், மாலையில் ஒரு அறையும், கொடி நான்கும், சாதாரணப் பந்து ஆறும் தந்தால் வகுப்பை நாங்களே எடுக்கிறோம். முதல் வகுப்புக்குப் பதினாறு பேர், அதில் எட்டுப் பேராவது பெண் பிள்ளைகள். பத்து ஆட்டத்துக்கும் கூட நிற்க ஆள் அனுப்புவதும் எங்கள் பொறுப்பு. அதற்குக் கூலி வேண்டாம். உங்களிடமிருந்து வேண்டியது, அடுத்த போட்டி அட்டவணையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே புதிய நடுவர், மூத்த நடுவர், மைதானப் பொறுப்பாளர் என்று மூன்று பெயர் அச்சாகி வருவது.

இப்படிக்கு,
கடலூர் வட்டார மைதானங்களில் சிறுவர் ஆட்டங்களுக்கு விசில் ஊதும் நடுவர்கள்