அந்த மூன்றாவது வாரம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

முதலில் உன் சக்கர நாற்காலியின் குஷன். காற்றடைக்கிற குஷனில் காற்று தானாகக் குறையும், அடியில் கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். வேலையில் உட்கார்ந்துவிட்டால் உனக்கு நேரம் போவதே தெரியாது. அரை மணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கு, இல்லாவிட்டால் நன்றாக முன்னால் குனிந்து இரு. ராத்திரி கண்ணாடி வைத்துப் பார். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அன்றே அதன்மேல் உட்காருவதை நிறுத்து. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவுக்கு இல்லாத வசதியா, ஆள்பலமா? 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து உன்னைப்போல் தண்டுவடத்தில் அடிபட்டவர், 2004-ல் இறந்தபோது படுக்கைப் புண்ணில் வந்த தொற்றுக்குத்தான் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பயமுறுத்தவில்லை. பார்த்துக்கொள் என்கிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள்.

நீ அனுப்பிய கட்டுரை வந்தது, அடிபட்ட தண்டுவடத்துக்குக் கதிர் கொடுத்துப் பார்த்த அந்த ஆராய்ச்சி. அதில் "மூன்றாவது வாரம்" என்ற இடத்தில் அடிக்கோடு. கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு வார்த்தைக்கு மேல் நீ பேசவும் இல்லை. சரி, உனக்கு வேலை இருந்திருக்கும்.

அந்தக் கட்டுரை எனக்குப் புதிதல்ல. நூரிட் கால்டெரான் என்ற ஆராய்ச்சியாளர் 1990-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நீ அனுப்பியது 1996-ல் வந்தது. எலியின் தண்டுவடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினார்கள். வெட்டியதிலிருந்து மூன்றாவது வாரத்தில், அந்த இடத்துக்கு மட்டும் எக்ஸ்ரே கதிர் கொடுத்தார்கள். அந்த இடத்தில் வழக்கமாக விழும் குழி விழவில்லை. அறுந்த நரம்பிழைகளில் சில வெட்டைத் தாண்டி வளர்ந்தன. நான்காவது வாரத்திலிருந்துதான் சிதைவு கை ஓங்குகிறது, அதைக் கிளப்பிவிடும் ஏதோ ஒரு வகை செல்களைக் கதிர் அடக்கிவிடுகிறது என்பது அவர்களுடைய ஊகம். எந்த செல்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிறவன் நான், பெருகுகிற செல்லைக் கதிர் கொல்லும் என்பது என் பிழைப்பே அல்லவா.

ஆனால் ஒரு பக்கம் என்ற வார்த்தைக்கு நீ அடிக்கோடு போடவில்லை. அந்த எலிக்கு மறுபக்கம் முழுசாக இருந்தது. உனக்கு எலும்பு நொறுங்கி உள்ளே அழுத்தி, தண்டுவடம் முழு அகலத்துக்கும் நசுங்கியது. அப்புறம், அங்கே சேரும் தழும்பு செல்களெல்லாம் எதிரிகள் என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். 2016-ல் மைக்கேல் சோஃப்ரோனியூ என்ற நரம்பு ஆராய்ச்சியாளரின் குழு எலிகளில் அந்தத் தழும்பே உருவாகாமல் தடுத்துப் பார்த்தது. நரம்பிழைகள் வளரவில்லை. நரம்பிழை வளரத் தழும்பு உதவவும் செய்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். யாரைச் சுடுவது, யாரை விடுவது என்றே தெரியாத இடத்தில் துப்பாக்கியோடு நுழைவதுபோல ஆகிவிடும்.

இப்போது கிரே கணக்கு, அதாவது உடம்புக்குள் போகும் கதிரின் அளவு. நீ சின்ன வயதில் என் மேஜையிலிருந்து எடுத்துக் கப்பல் செய்த தாள்களில் இருந்த அதே கிரேதான். தண்டுவடத்துக்கு ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் மொத்தம் 50 கிரே போனால், பின்னால் தண்டுவடம் கெடும் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று 2010-ல் தொகுத்த அளவுகள் சொல்கின்றன. 60 ஆனால் 6 சதவீதம். 69 ஆனால் பாதிப் பேருக்குப் போய்விடும். அந்தச் சரிவைப் பார்த்தாயா? ஒரே தடவையில் கொடுப்பதென்றால் எல்லை இன்னும் கீழே, 13 கிரே பக்கத்தில். எலிகளுக்குப் போனது ஒரே தடவையில், அதற்கும் மேலே. மனிதருக்கான கணக்கு எல்லாம் அடிபடாத தண்டுவடத்துக்குப் போட்டது என்பதையும் மறந்துவிடாதே.

கெடுவது உடனே தெரியாது, அதுதான் கொடுமை. ஆறு மாதத்துக்கு முன்னால் அபூர்வம். பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குள் வரும். வந்தால் திரும்பாது. உனக்கு அடி டி-4-ல், நெஞ்சுப் பகுதியில் மேலிருந்து நான்காவது இடத்தில். கதிரை எலும்பின் விளிம்போடு வெட்டி நிறுத்த முடியாது, மேலேயும் கீழேயும் கொஞ்சம் விட்டுத்தான் கொடுப்பார்கள். அதற்குச் சற்று மேலே டி-1, அதற்கும் மேலே கழுத்துப் பகுதியின் கடைசியான சி-8. விரல்களின் நரம்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. நீ கைக் கட்டுப்பாட்டில் கார் ஓட்டுவதும், டைப் அடிப்பதும், சிறுநீர் எடுக்கும் குழாயான கதீட்டரை நீயே போட்டுக்கொள்வதும் அந்த விரல்களால்தான். கார் ஓட்டும் வீடியோவை அம்மா யாரைப் பார்த்தாலும் காட்டுகிறாள். நானும் காட்டுகிறேன், அவளுக்குத் தெரியாமல்.

தண்ணீர் குடிக்கிறாயா? சிறுநீர் கலங்கி வாடை வந்து, கூடவே காய்ச்சலும் அடித்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம். திடீரென்று மண்டை பிளப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் நிமிர்ந்து உட்கார். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார். டி-6-லோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் எகிறுவது இப்படித்தான். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் போன மழைக்காலத்தில் என்ன செய்தாய் என்று எனக்கும் தெரியும்.

சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிடுகிறேன். நீ அடிபட்ட பிறகு வந்த அந்த மூன்றாவது வாரத்தில், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் படுத்திருந்தாய். அதே கட்டடத்தின் அடித்தளத்தில் நான் கதிர் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் உன்னைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் சாயங்காலம் வரை மற்றவர்களுக்குக் கதிர் கொடுப்பேன். அடிக்கோடு போடும்போது இதைத்தானே நினைத்தாய்? அப்பாவின் கையில் மெஷின் இருந்ததே, ஏன் செய்யவில்லை என்று?

என் வேலை முழுவதும் தண்டுவடத்தைக் கதிரிலிருந்து காப்பாற்றுகிற வேலை. கழுத்தில் கட்டி, நுரையீரலில் கட்டி, எதுவானாலும் பிளான் வந்ததும் முதலில் பார்ப்பது தண்டுவடத்துக்கு எத்தனை போகிறது என்பதை. பழைய கோபால்ட் மெஷினில் ஈயக்கட்டையை வைத்து மறைத்தோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதிர்ப்புலம் வந்தால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தண்டுவடத்தில் இரட்டிப்பு ஆகாமலிருக்க நடுவே இடைவெளி விட்டோம். அதை மில்லிமீட்டரில் அளந்து தோலில் கோடு போடுவேன். புற்றுநோய் தண்டுவடத்தை அழுத்தி, கால் போகிற நிலையில் வந்தவர்களுக்கு அந்த இடத்துக்கே கொடுத்திருக்கிறோம். சிலர் நடந்தும் போனார்கள். அங்கே கதிர் சுருக்கியது கட்டியை. உன்னிடம் சுருக்க ஒன்றும் இல்லை. அடிபட்டவர்களுக்கென்று கொடுத்ததும் உண்டு. இடுப்பு மூட்டைச் சுற்றித் தேவையில்லாத எலும்பு முளைத்து மடக்க முடியாமல் போகும், அதற்கு ஒரே தடவையில் 7, 8 கிரே. இடுப்புக்கு, தண்டுவடத்துக்கு இல்லை. உனக்கு இடுப்பு நன்றாக மடங்குகிறதா? வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் சொல்.

அன்றைக்கு யாராவது அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து கேட்டிருந்தால் மெஷினை ஆன் செய்திருக்க மாட்டேன், கண்ணம்மா. இன்றைக்கும் மாட்டேன். அதற்காக என்மேல் கோபம் என்றால் கோபப்படு, அதில் தப்பில்லை. ஆனால் ஒரு கதவு திறந்திருந்தது, அதை நாங்கள் பார்க்காமல் விட்டோம் என்று ராத்திரியில் தூங்காமல் படுத்திருக்காதே. வாரக் கணக்கு எலியினுடையது. உன்னுடையது இல்லை. ஸ்டீராய்டிலும் இதுதானே நடந்தது? அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் என்று 1990-ல் மனிதர்களிடமே பரிசோதித்துச் சொன்னார்கள். நேரம் தவறியது என்று எத்தனை பெற்றோர் தலையில் அடித்துக்கொண்டார்களோ. 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அது வேண்டாம் என்றது.

தேடாதே என்று சொல்லவில்லை. நீ தேடுகிறவள், சின்னதிலிருந்தே அப்படித்தான். தேடு. ஆனால் யாராவது உனக்குக் கதிர் கொடுக்கிறேன் என்று நாள் குறித்தால், எத்தனை கிரே, எத்தனை தடவையில், எங்கிருந்து எங்கே வரை என்று கேட்டு, பதிலை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. பெரிய டாக்டராக இருந்தாலும் கேள். எழுதித் தர மறுத்தால் அந்த மறுப்பையும் எழுதி அனுப்பு. கையெழுத்து அதற்குப் பிறகு போடலாம்.

அப்பா

குஷனின் கீழே கையை விட்டுப் பார்த்துவிட்டு இன்றைக்கே ஒரு மெசேஜ் போடு.