யார் ‘ஆம்’ சொன்னார்கள்?

ஆசிரியருக்கு,

கோத்தகிரியில் இலைச் சாக்கை எடை போடும் இடத்தில் எப்போதும் பசுந்தேயிலை விலைப் பேச்சுதான். எம்.பி. அதைப்பற்றிப் பேசினாரா என்று நாடாளுமன்றத்தை ஒளிபரப்பும் சன்சத் டிவியில் பார்க்கலாம். அமைச்சரின் பதிலும் மக்களவை இணையதளத்தில் கிடைக்கிறது. சரி, நல்லதுதான். கேமராவுக்காகவே எழும் கூச்சல் வேறு கதை.

ஆனால் பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடுகின்றன. ‘ஆம்’ சொன்னது யார், ‘இல்லை’ சொன்னது யார் என்று பதிவே இராது. உறுப்பினர் யாராவது எழுந்து கேட்டால்தான், ஒவ்வொருவர் வாக்கும் பெயரோடு பதிவாகும் பிரிவு வாக்கெடுப்பு. எல்லா மசோதாவுக்கும் அதைக் கட்டாயமாக்கலாமே! பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும்? 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடலாம். எனவே அது கட்சியின் வாக்குதானே என்பார்கள். இருக்கட்டும். வாக்கெடுப்பு நேரத்தில் நம்மவர் அவையில் இருந்தாரா என்பதாவது தெரியும்.

- சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி