கொலாரிஷ் மணலும் அதன் திராட்சையும்

மாப்ள,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தப்பாமல் விடச் சொல். இங்கே எனக்கு வேலை வழக்கம்போல் போகிறது. கோடை முடிந்ததும் ஓட்டலில் கூட்டம் குறைந்தது. கிடைத்த லீவில் நான் போய்வந்த இடத்தைப் பற்றி உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

நாம் ஒரு குச்சியை வெட்டி நட்டாலே கொடி வந்துவிடுகிறதே, இந்த ஐரோப்பாக்காரர்கள் ஏன் வேர் ஒன்று, கொடி ஒன்று என்று ஒட்டுக்கட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். காரணம் ஒரு பூச்சி. பில்லாக்சரா என்று பெயர், அசுவினிக்குச் சொந்தம். 1860களில் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. வேரில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். வேர் அழுகி, கொடி பட்டுப்போகும். பிரான்ஸ், போர்ச்சுகல் என்று தோட்டம் தோட்டமாகக் காலியானது. அமெரிக்கக் கொடியின் வேர் அதைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு, அந்த வேர்மேல் தங்கள் ரகத்தை ஒட்டித்தான் பிழைத்தார்கள். இன்றைக்கும் இங்கே பெரும்பாலான தோட்டங்களில் அதே கதைதான்.

அந்தப் பூச்சிக்குத் தப்பிய இடம் இங்கே போர்ச்சுகலில், லிஸ்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொலாரிஷ் என்ற ஊர். சிந்த்ரா மலையைத் தாண்டினால் அட்லாண்டிக் கடல், நடுவில் மணல்காடு. சிந்த்ராவிலிருந்து கடற்கரைக்கு 1904இல் விட்ட டிராம் இன்னும் ஓடுகிறது. இந்த மண்ணில் பூச்சி பிழைக்க முடியாது. களிமண் காய்ந்தால் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே அது வேருக்கு வேர் நகரும். மணலில் வெடிப்பு ஏது? அதனால் கொலாரிஷ் கொடிகள் ஒட்டு இல்லாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

நிற்கின்றன என்று எழுதிவிட்டேன், உண்மையில் படுத்திருக்கின்றன. நம் ஊர்ப் பந்தலை நினைத்துக்கொண்டு போனவனுக்கு நம்பவே முடியவில்லை. தொடை கனத்துக்கு அடிமரம், மணல்மேல் மலைப்பாம்பு மாதிரி கிடக்கிறது. கடல்காற்று அந்த அடி அடிக்கிறது. உயரமாக எது வளர்ந்தாலும் உப்புப் பட்டு இலை கருகும். காய்ந்த நாணல் தட்டையைக் கட்டி வேலி வேலியாகத் தடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் கொஞ்சம் கொடி, சில இடத்தில் நடுவே ஆப்பிள் மரம். பழம் பழுக்கிற நேரத்தில் மணல் சூட்டில் வெந்துவிடாமல் இருக்க, கொடிக்கு அடியில் சின்னச் சின்ன நாணல் குச்சியாக முட்டுக் கொடுக்கிறார்கள். குனிந்து குலையைத் தொட்டுப் பார்த்தேன்: மணி சின்னது, தோல் தடிப்பு, தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. அத்தனை முட்டும் கையால் வைத்தது. குனிந்தே செய்ய வேண்டிய வேலை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடவைக் கேட்டால் இன்னும் மலைப்பாய். மணலில் சத்தும் இல்லை, ஈரமும் இல்லை. அடியில் களிமண் இருக்கிறது, ஆனால் அதைத் தொட சில இடங்களில் பல மீட்டர் தோண்ட வேண்டும். குழி தோண்டி, களிமண்ணில் குச்சியை ஊன்றி, கொடி வளர வளர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடுவார்கள். அந்தக் காலத்தில் குழிக்குள் இறங்கும் ஆள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வானாம். மணல் சரிந்து மூடினால், ஆட்கள் தோண்டி எடுக்கும்வரை கூடைக்குள் இருக்கிற காற்றில் உயிர் பிடித்திருக்கலாம். இப்போது பொக்லைன் வந்துவிட்டது.

நீ தொடமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் ருசியைச் சொல்கிறேன். சிவப்பு ஒயினுக்கு ரமிஷ்கோ என்ற ரகம், வெள்ளைக்கு மல்வசியா. புது ரமிஷ்கோவை வாயில் வைத்தால் நெல்லிக்காய்த் துவர்ப்பும் புளிப்பும் முகத்தைச் சுளிக்க வைக்கும். பத்து வருடம் போனால் துவர்ப்பு இறங்கி, நிறம் வெளுத்து, வாசனை எழும்பி வருகிறது. கடைசியில் நாக்கில் மெல்லிய உப்பு நிற்கிறது. காட்டமும் குறைவு. கனமான, இனிப்பான ஒயின்தான் உயர்ந்தது என்று ஓட்டலுக்கு வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இப்போது உன் சின்னவன் விஷயம். தோட்டத்தை பிளாட் போட விற்கலாம் என்று அவன் பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தாய். கொலாரிஷும் இப்படித்தான் சுருங்கியது. பூச்சி தொடாத மண்ணை வீடு கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். கடல் தெரிகிற மனை, லிஸ்பனுக்குப் பக்கம். துவர்க்கிற பழத்தைவிட மனைக்கு விலை அதிகம். பக்கத்திலேயே கர்கவெலூஷ் என்ற இன்னொரு பேர்போன ஒயின் ஊர், நகரத்துக்குள் முக்கால்வாசி முழுகிவிட்டது. கொலாரிஷில் இன்று எஞ்சியிருப்பது சில பத்து ஹெக்டேர்.

அதுவாவது எஞ்சியதற்கு எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது. 1908இல் எல்லை போட்டு, கொலாரிஷ் என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றினார்கள்; மணலில் விளைந்ததற்குத்தான் அந்தப் பெயர். 1931இல் விவசாயிகள் கூட்டுறவு ஒயின் ஆலை கட்டினார்கள், அந்த வகையில் இந்த நாட்டிலேயே பழையது. கால் ஏக்கர்காரனும் அங்கே பழத்தைக் கொண்டுபோய்ப் போடலாம். ஒயினின் துவர்ப்பு இறங்கும்வரை அவன் தனியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது அந்தப் பெயருக்காகவே விலை கொடுக்கிறார்கள், இளவட்டங்கள் சிலர் புதிதாக நடவும் செய்கிறார்கள்.

நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, மாப்ள. பெயர் வந்துவிட்டது, ஆனால் அதை வைத்து விலை பேச ஆள் சேர வேண்டும். தனித்தனியாக வியாபாரியிடம் போய் நின்றால் அவன் சொல்வதுதான் விலை. சின்னவனைத் திட்டாதே. அவன் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறான், அந்தக் கணக்கை நாமும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு என்ன கிடைத்தது, மருந்துக்கும் ஆளுக்கும் என்ன போனது, போன மூன்று வருடத்துக்கு எழுதி வை. பக்கத்துத் தோட்டக்காரர்களில் யார் யார் சேருவார்கள் என்றும் விசாரி. தை பிறந்ததும் வருகிறேன். அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதே.

உன் மச்சான்