டப்பா வாங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

புது வீட்டு அடுக்களைப் படங்களை அம்மா காட்டினாள். அலமாரி தாராளமாகத்தான் இருக்கிறது. அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டில் மட்டும் மளிகையை வைக்காதே. சூடும் ஆவியும் அங்கேதான் போய்ச் சேரும். அதில் பெரிய பாத்திரங்களை அடுக்கிவிடு.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கண்ணாடி ஜாடி வாங்கப் போகிறாயாமே. பார்க்க அழகாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் மளிகைக் கடை நடத்தியவன் சொல்கிறேன், எந்தப் பொருள் எதனால் கெடும் என்று பார்த்துவிட்டு அப்புறம் டப்பாவைத் தேர்ந்தெடு.

முதலில் அளவு. 1 கிலோ துவரம்பருப்பு 1 லிட்டர் டப்பாவில் அடங்காது, ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் வேண்டும். கோதுமை மாவு இன்னும் இடம் பிடிக்கும். 1 கிலோவுக்கு 2 லிட்டர் டப்பா என்று வைத்துக்கொள். மிச்சத்தைப் பாக்கெட்டிலேயே ரப்பர் பேண்ட் போட்டுச் செருகி வைத்தால் வண்டு அங்கிருந்துதான் கிளம்பும்.

வண்டு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காற்றுப் புகாத டப்பா இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பூச்சியை அது தடுக்கும், சரி. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, அந்தத் துளையையும் அடைத்துவிடுகிறது. கடையிலிருந்து அரிசியோடு அதுவும் வீட்டுக்கு வந்துவிடும், உன் கண்ணுக்குத் தெரியாது. பயறு வண்டு அப்படியில்லை. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு வாங்கும்போது ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார். தோல்மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அந்தப் பயறை வாங்காதே. உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு.

ரவை, மாவு வாங்கினால் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் 4 நாள் வைத்து எடு. முட்டை இருந்தாலும் செத்துவிடும். எடுத்தவுடன் பிரிக்காதே! வெளியே வைத்து, குளிர் முழுக்க விட்டபிறகு பிரி. இல்லாவிட்டால் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். ரவையை வறுத்து ஆறவைத்தும் வைக்கலாம், உன் அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும், கொஞ்சமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வை.

மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும், மணமும் போகும். இவற்றுக்கு எவர்சில்வர் சம்படம்தான் சரி. உப்பையும் புளியையும் அதில் போடாதே, நாளடைவில் எவர்சில்வரையே அரித்துவிடும். அதற்குத்தான் உன் கண்ணாடி ஜாடி, இல்லையென்றால் பீங்கான் ஜாடி. பெருங்காயத்தைப் பிளாஸ்டிக்கில் போட்டால் அந்த டப்பா அப்புறம் வேறெதற்கும் ஆகாது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் டப்பாவுக்குள் போகவே கூடாது. காற்றோட்டமான கூடையில், தனித்தனியாக வை.

நீ இருப்பது திருவான்மியூர், கடல் காற்று. கழுவிய டப்பாவைத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. ஒரு நாள் வெயிலில் கவிழ்த்துவிட்டு, கை வைத்துப் பார்த்து நிரப்பு. ஈரக் கரண்டியை உள்ளே விடாதே என்று மாப்பிள்ளையிடமும் சொல். அடியில் பழைய பருப்பு கிடக்க அதன்மேல் புதுசைக் கொட்டாதே. பழசைத் தட்டில் கொட்டி, டப்பாவைத் துடைத்து, புதுசைக் கீழே போட்டு, பழசை மேலே போடு. கடையில் மூட்டை அடுக்கும்போதும் முந்தி வந்தது முந்திப் போக வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

அம்மா மிளகாய் வற்றல் காயப் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறோம். அதற்கு 3 லிட்டர் டப்பா ஒன்று சேர்த்து வாங்கிவிடு. எல்லாம் வாங்கியதும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா