உண்ணாமுலைப் பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

பாப்பாவுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் இத்தனை மாதமும் வெறுமையாகவே கிடந்தது. ஓராண்டுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம் என்று விதி இருப்பதால் நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். உன் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று போன வாரம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அபிதா.

என் பெயரை வைக்கவில்லையா என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கொஞ்சம் பொறு. அது உன் பெயர்தான்.

பெரியவளைப் பொதுவில் ‘நீ’ என்று எழுதுகிறாளே என்று சிலருக்குத் தோன்றலாம். பாலாடை என்கிற மூக்குக் கிண்ணத்தில் பால் புகட்டி வளர்த்தவளை ‘நீங்கள்’ என்று கூப்பிட எனக்கு வராது. நீ ஏன் புகட்ட நேர்ந்தது, என் அம்மாவுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

திருவண்ணாமலையில் அம்மன் சன்னிதியில் தமிழில் உண்ணாமுலை, வடமொழியில் அபீதகுசாம்பாள். பீதம் என்றால் பருகப்பட்டது, அபீதம் பருகப்படாதது, குசம் முலை. அந்த நீண்ட பெயரின் தலைப்பகுதியை வெட்டி எடுத்ததுதான் அபிதா. பெயர்ப் புத்தகங்களில் ‘அச்சமற்றவள்’ என்று போட்டிருக்கிறார்கள். அது வேறொரு வடசொல். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ‘பீ’ என்பதால் கலந்துவிட்டது. இந்த வீட்டில் எல்லாருக்கும் ‘அச்சமற்றவள்’ பிடித்துப்போயிற்று. நான் மறுத்துப் பேசவில்லை. இப்போது இதைப் படித்து அவர்கள் தெரிந்துகொள்ளட்டும், மனத்தாங்கல் இருந்தால் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் பெயரை எத்தனை பேர் எப்படியெல்லாம் நறுக்கினார்கள்! தாத்தாவுக்கு நீ ‘உண்ணா’. சாப்பிட மறுத்து அடம்பிடித்த நாளிலெல்லாம் அதை வைத்தே கேலி. தெருவில் ‘மலையக்கா’. ரேஷன் கார்டில் ‘உண்ணாமலை’. ‘மு’வை ‘ம’ ஆக்கிவிட்டால் அண்ணாமலையோடு ஓசை ஒத்துவிடும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமும் இருக்காது. நம் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் பெயர் இப்படித்தான் காகிதத்தில் ஏறியிருக்கிறது. கடைசியில் உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘மலையம்மாள்’ என்று அச்சடித்தார்கள். அப்படி ஒரு பெயரில் நீ ஒருநாளும் இருந்ததில்லை. யார் கொடுத்த பெயர் என்று இங்கே சொல்ல மாட்டேன். அச்சகத்துக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கு நாம் போன நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காப்பாளர் பெயர் கேட்டார் அந்த எழுத்தர். நீ சொன்னாய். அவர் ‘உண்ணாமலை’ என்று எழுதினார். நீ மேசைமேல் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “‘ம’ இல்லை, ‘மு’. திருத்தி எழுதுங்கள்” என்றாய். அவர் வேண்டுமென்றே உரக்க, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்காட்டினார். பின்னால் வரிசையில் சிரிப்பு. ஒருவர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். உன் காது மடல் சிவந்தது, ஆனால் நீ பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘ம’வின் காலில் அவர் சுழித்த சுழி பெரிதாகி மை ஊறிப் பரவியது. “பெண்ணுக்கு அம்மாவா?” என்று கேட்டார். நீ வாய் திறப்பதற்குள் நான், “இல்லை, பெரியம்மா” என்று சொல்லிவிட்டு உன் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.

மன்னித்துவிடு. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தவள் யார்? அம்மா என்று வாய் தவறிக் கூப்பிட்டபோதெல்லாம் “பெற்றவள் கோபித்துக்கொள்வாள்” என்று என் உதட்டில் விரலை வைத்து அடக்கியவள் நீதானே. ஒரே ஒருநாள், வீட்டுக்குள்ளாவது, கூப்பிட விட்டிருக்கலாம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை பெரியம்மா.

சம்பந்தர் அண்ணாமலையைப் பாட வந்தபோது எடுத்த எடுப்பிலேயே ‘உண்ணாமுலை உமையாளொடும்’ என்றுதான் தொடங்குகிறார். சீர்காழிக் குளக்கரையில் அவளிடமே பால் உண்ட பிள்ளை அவளை எப்படி அப்படி அழைத்தது என்று எனக்கு வெகுநாள் குழப்பம். பெரியபுராணத்தில் தெளிந்தது. அவள் பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்டுகிறாள். பிள்ளை மார்பில் வாய் வைக்கவே இல்லை. முருகனுக்கும் பால் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள்தான். பிள்ளையாரோ அவள் உடம்பு மஞ்சளில் பிடித்த பிள்ளை. மடியில் ஒரு குழந்தையும் பால் குடிக்காதவளை உலகத்துக்கே தாய் என்று கும்பிடுகிற ஊரில்தான், வளைகாப்பு வீடுகளில் உன்னைச் சமையலறைப் பக்கமே நிறுத்தி வைத்தார்கள். “பெயர் பலித்துவிட்டது” என்று உன் காதுபடச் சொன்னவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். நல்ல உடல்நலத்துடன் இருக்கட்டும்.

பாப்பா எடை குறைவாகப் பிறந்தாள். உறிஞ்சத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார்கள் மருத்துவமனையில். மூக்கு நசுங்கிய உன் பித்தளைப் பாலாடை என்னிடம்தான் இருக்கிறது, ஆனால் அங்கே அனுமதிக்கவில்லை, எவர்சில்வரில் ஒன்று கொடுத்தார்கள். கீழுதட்டில் மூக்கைச் சாய்த்து, ஒரு மிடறு இறங்கிய பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் புரையேறும். இரவெல்லாம் உட்கார்ந்து இதைச் செய்தபோதுதான் நீ எனக்குச் செய்தது எவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை என்று தெரிந்தது. அவளுக்கு உன் பெயர்தான் என்பதை அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு ஏன் முழுதாக வைக்கவில்லை? அவள் எந்த வரிசையிலும் உன்னைப்போல் நிற்கக் கூடாது. கோழைத்தனம் என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். நீ தாங்கினாய் என்பதற்காக அவளும் தாங்க வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிக்கத் தெரிந்ததும் பொருளைச் சொல்லிவிடுவேன், யாருடைய பெயர் என்பதையும். 18 வயதுக்குப் பிறகு முழுப்பெயர் வேண்டும் என்று அவளே கேட்டால் அரசிதழில் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். செலவு என்னுடையது. விண்ணப்பத்தில் ‘மு’ போட்டிருக்கிறதா என்று நானே சரிபார்ப்பேன்.

உன் மகள்